சோதனை எஸ்டேட்

மூணு மாசமாக அது என் மடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.
கூடலூரில், உரக்கடைக்கு மேல் மாடியில்,
ஒரு ஜன்னல், ஒரு டேபிள் ஃபேன்.
நாளைக்கு எந்த ஜீப் எந்த எஸ்டேட்டுக்கு,
எத்தனை ஆள், என்ன கூலி, காய் எடுப்பா களையா,
தொட்டால் திறக்கும்.
என் விரலுக்கு மட்டும்.
உலகத்தில் ஒரே ஒருவன் வரக்கூடிய முகவரி அது,
லோக்கல்ஹோஸ்ட்.
வீட்டுக்குள் நின்றுகொண்டே
வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

காசு போட்டவர் ஒச்சப்பண்ணன், நாலு ஜீப் வைத்திருக்கிறார்.
"எப்பய்யா மேல ஏத்துவ?" என்பார் தினமும்.
அவருக்கு மேலே என்றால் குமுளி.
எனக்கு மேலே எங்கே என்று எனக்கே தெரியாது.
மும்பையோ சிங்கப்பூரோ,
மாதம் நூற்று நாற்பது ரூபாய்க்கு
ஏசி போட்ட அறையில் ஓர் இடுக்கு.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு ஏற்றினேன்.
லோயர் கேம்ப் தாண்டி கொண்டை ஊசி வளைவில்
முக்கிப் போகும் லோடு வண்டியாய்
ஃபைல்கள் ஒவ்வொன்றாய்ப் போயின.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கின.
நடுவில் செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு
மலையாளத்தில் எனக்கு வரவேற்பு சொன்னது.
நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பிறகு டேட்டாபேஸ்.
இங்கே இறக்கி அங்கே ஏற்றி,
புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட்,
கமா ஒன்று விட்டுப்போனதற்கு
ஒரு மணி நேரம் வெள்ளைத் திரை.
என்ன தப்பு என்றுகூடச் சொல்லாத வெள்ளை.

ஜீப் படம் ஒன்றும் வரவில்லை.
பெயரில் ஒரே ஓர் எழுத்து பெரிய எழுத்து.
என் லேப்டாப் அதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது,
மூணு மாசம், ஒரு வார்த்தை சொல்லாமல்.
போன இடத்தில் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்.
கொரோனா வருஷம், பாஸில் இனிஷியல் மாறிப்போய்
குமுளி செக்போஸ்ட்டிலிருந்து சித்தி
நடந்தே இறங்கி வந்தது ஞாபகம் வந்தது.

தொட்ட இணைப்பெல்லாம் லோக்கல்ஹோஸ்டுக்கே வழி சொன்னது.
அதையும் மாற்றினேன், முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில்.

மூணே முக்காலுக்குத் திறந்தது.
என் போனில், ஊர்பேர் தெரியாத ஆளுக்குத் திறப்பதுபோல.
ஒச்சப்பண்ணன் விழித்தே இருந்திருக்கிறார்.
நான் அனுப்பிய கையோடு குரூப்பில் போட்டுவிட்டார்.

நாலே காலுக்கு ஒரு போன்.
"தம்பி, நான் சுருளிவடிவு, கருநாக்கமுத்தன்பட்டி.
ஆயிரத்து நானூறு கூலி போட்டிருக்கே, சோதனை எஸ்டேட்டு,
அது வண்டன்மேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?
ஜீப்பு எங்க நிக்கும்?"

அது நான் ஆவணியில் எழுதியது.
நாலு இலக்கத்தில் கூலி வந்தால்
கட்டம் தாங்குமா என்று பார்க்க.
வேண்டியதெல்லாம் வழியில் உடைந்தது.
அது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அப்படி ஒரு எஸ்டேட் இல்லக்கா."
பேச்சில்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.
தூக்குவாளி மூடும் சத்தம்.
"இல்லாததுக்கு எதுக்குப்பா கூலி போட்ட?
போட்டதுதான் போட்ட,
மதியச் சோறும் அவுகளே தருவாகன்னு
ஒரு வரி சேத்துப் போட்டிருக்கலாம்ல."

அழித்தேன். அரை நொடிகூட ஆகவில்லை.
என் லேப்டாப்பில் அந்த எஸ்டேட் இன்னும் இருக்கிறது,
கூலியும் குறையவில்லை.

சட்டைப் பட்டனைப் போட்டபடியே ஸ்டாண்டுக்கு ஓடினேன்.
ஜீப்புகள் ஒவ்வொன்றாய் நிறைந்து கிளம்பிக்கொண்டிருந்தன.
தலையில் துண்டு, கையில் வாளி,
எதிலும் ஏறாமல் ஓரமாக ஒன்பது பேர்.
யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியவில்லை.
பத்தாவது ஆளாய்ப் போய் நின்றேன்.